டக்கென்று ஒடியும் பதம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இங்கே நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அனுப்பிய கடலைமிட்டாய் டொராண்டோ வந்து சேரும்போது வளைந்து, பல்லில் ஒட்டுகிறது என்று சொன்னாய். மிட்டாய் மேல் தப்பில்லை. வெல்லம் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். பாக்கெட்டின் ஓரம் துளி பிரிந்திருந்தால்கூட, ஒரு வாரப் பயணத்தில் மொறுமொறுப்பு போய்விடும். நாற்பது வயதிலும் உனக்கு அதன் மேல் இருக்கிற ஆசை அப்படியே இருப்பதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த ஆசைக்குப் பழைய பாக்கெட்டைக் கொடுக்கக் கூடாது. அரை கிலோ மிட்டாய்க்கு ஒரு மணி நேரம் போதும், நீயே போட்டுக்கொள்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, நல்ல வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதன் பெருமையைச் சொல்வார்கள். இதில் எதுவும் அங்கே உன் கைக்கு வராது. ஆனால் கடலையின் வறுப்பும் பாகின் பதமும் உன் கையில்தான் இருக்கின்றன. அவை இரண்டும் சரியாக அமைந்தால் முக்கால்வாசி ருசி வந்துவிடும்.

கடலையில் பெரிய பருப்பை வாங்காதே. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடிக்கும்போது வெல்லம் ஒரு பக்கமும் கடலை ஒரு பக்கமுமாகப் போகும். அங்கே ஸ்பானிஷ் கடலை என்று சிவப்புத் தோலோடு சின்னதாக, உருண்டையாக விற்பார்கள். நம் ஊர்க் கொத்து ரக நிலக்கடலைக்கு அதுதான் நெருக்கம், எண்ணெய்ச் சத்தும் அதிகம். உப்புப் போட்டு வறுத்தது வேண்டாம், பச்சைக் கடலையாக வாங்கு. வாங்கியதும் ஒன்றை மென்று பார். காறல் லேசாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு, வறுத்தால் அது போகாது, கூடத்தான் செய்யும்.

300 கிராம் கடலைக்கு 200 கிராம் வெல்லம். இனிப்பைக் குறைக்கலாமே என்று மருமகள் கேட்பாள், குறைக்க வேண்டாம். வெல்லம்தான் பிடிமானம். 150 கிராமுக்குக் கீழே போனால் துண்டு போடும்போதே உதிர்ந்துவிடும். இனிப்பு அதிகம் என்று தோன்றினால் துண்டைச் சின்னதாக வெட்டுங்கள்.

வறுப்பதற்கு உன் ஓவனே நல்லது. 160 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம், நடுவில் ஒரு தரம் கிளறிவிடு. அடுப்பில் என்றால் கனமான சட்டி, சிறுதீ, கை விடாமல் கிளறல். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சை வாசனை நிற்கும். சூடாக இருக்கும்போது மென்று பார்த்து முடிவு செய்யாதே, எவ்வளவு வறுபட்டாலும் சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும். ஒன்றிரண்டை எடுத்து ஆறவைத்துக் கடித்துப் பார். உள்ளே வெள்ளை போய் இளம் பொன்னிறம் வந்ததும் இறக்கிப் பரப்பிவிடு. தன் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வறுபடும்.

ஆறியதும் துணியில் கொட்டித் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். சுளகு இல்லாவிட்டால் பால்கனியில் நின்று இரண்டு தட்டில் மாற்றி மாற்றிக் கொட்டு, காற்று பார்த்துக்கொள்ளும். பருப்பு இரண்டாக உடையட்டும். நடுவில் இருக்கிற மூக்கு லேசாகக் கசக்கும், அதைச் சலித்து எடுத்துவிடு. கடைசியாகச் சுத்தம் செய்த கடலையை 80 டிகிரி ஓவனிலேயே வைத்திரு. ஆறிப்போன கடலையைப் பாகில் போட்டால் பாகு பட்ட இடத்திலேயே இறுகிவிடும், எல்லாக் கடலையிலும் ஒட்டாது. வீட்டில் போடும்போது பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

வெல்லத்தில் வெளிர் மஞ்சளாகப் பளபளப்பது வேண்டாம். அடர்ந்த தேன் நிறமாக இருப்பதை எடு. நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கக் கூடாது. பாகு வெல்லம் என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. பொடித்து, கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டு. மணல் இருந்தே தீரும்.

வடிகட்டிய கரைசலை அடிகனமான பாத்திரத்தில் நடுத்தர தீயில் வை. முதலில் பெரிய நுரையாகப் பொங்கும். பிறகு குமிழ் சிறுத்து, நெருக்கமாகி, நிறம் கருத்து வரும். அப்போதிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு தரம் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இரு. முதலில் கரையும். பிறகு விரலில் திரண்டு உருளும், அது அதிரசத்துக்கு. அடுத்தது, உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும். நிறையப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பொரி உருண்டைக்கு அது போதும், கடலைமிட்டாய்க்குப் போதாது. இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் போகட்டும். தண்ணீரில் விட்ட பாகை எடுத்து வளைத்தால் வளையாமல் கண்ணாடி மாதிரி 'டக்'கென்று ஒடிய வேண்டும், பல்லில் வைத்தால் ஒட்டாமல் நொறுங்க வேண்டும்.

இதில் அங்கே ஒரு ஏமாற்று உண்டு. குளிர்காலத்தில் உங்கள் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும். அதில் விட்டால் வேகாத பாகுகூடக் கெட்டியாகக் காட்டும், மிட்டாய் ஆறியதும் வளையும். ஆகவே கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்த தண்ணீரில் பார். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 145 முதல் 150 டிகிரி. 150 தாண்டினால் கசப்பு ஏறும், வெல்லம் சீனியைவிடச் சீக்கிரம் கருகும்.

பதம் வந்ததும் தீயை அணைத்துவிட்டு ஒரு சிட்டிகை சுக்குத்தூள், இரண்டு ஏலக்காய் பொடித்தது, பிறகு சூடான கடலை. அரை நிமிடத்துக்குள் கிளறி முடித்துவிடு. நெய் தடவிய மரப்பலகையில் கொட்டி, நெய் தடவிய சப்பாத்திக் கட்டையால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அழுத்தித் தேய். உன் சமையல் மேடை கிரானைட், அதில் நேராகக் கொட்டாதே. கல் சூட்டை உறிஞ்சிவிடும், தேய்க்கும் முன்னாலேயே விறைத்துப்போகும். இரண்டு நிமிடத்துக்குள் கத்தியால் கோடு போட்டுவிடு. தாமதித்தால் கோணல் மாணலாகத்தான் உடையும். கடையில் மேலே கலர் கலராகத் தேங்காய்த் துருவல் தூவுவார்கள். அதுதான் வேண்டும் என்றால் வறண்ட கொப்பரைத் துருவலாகப் போடு. ஈரத் தேங்காய் மூன்றாம் நாளே மிட்டாயைக் கெடுத்துவிடும். கலர் இல்லாமல் வெள்ளையாகத் தூவினாலே போதும் என்பது எங்கள் எண்ணம்.

ஆறிய பிறகும் வளைந்தால் தூக்கிப் போடாதே. துண்டாக்கி மறுபடி சட்டியில் போட்டுச் சிறுதீயில் உருக்கி, பதம் பார்த்து மீண்டும் தேய்க்கலாம். கடலை ஒரு நிறம் கூடும், அவ்வளவுதான். கசந்துவிட்டால் மட்டும் வழியில்லை.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடு, சூட்டோடு மூடினால் ஆவியே தண்ணீராகி ஒட்டும். ஃப்ரிட்ஜில் வைக்காதே, வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் கடலை காறத் தொடங்கும். உங்கள் வீட்டில் ஹீட்டர் ஓடுகிற மாதங்களில் காற்று வறண்டிருக்கும், மிட்டாய் போட அதுதான் நல்ல காலம்.

பேத்தியின் டிபன் பாக்ஸில் மட்டும் வைத்து அனுப்பாதே. அங்கே நிறையப் பள்ளிகளில் கடலைக்கே அனுமதியில்லை, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. நீ ஆபீஸுக்குக் கொண்டுபோனாலும் கேட்டுவிட்டுக் கொடு.

சித்தப்பா மார்ச்சில் அங்கே வருகிறார். இரண்டு கிலோ மண்டைவெல்லம் கொடுத்துவிடுகிறோம். அதற்குள் கடையில் கிடைக்கிற வெல்லத்தில் ஒரு தரம் போட்டுப் பார். ஒரு துண்டை ஒடித்து, அந்தச் சத்தம் கேட்கிற மாதிரி போனில் அனுப்பு. சத்தத்திலேயே பதத்தைச் சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
அம்மா, அப்பா