மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவி அவர்களுக்கும் நிர்வாக சபைக்கும் அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், சுழற்சிமுறைக் கடன், முன்பள்ளி வளவுச் சிரமதானம் எல்லாம் வழமைபோல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் சொல்ல விரும்புவது, பின்னேரங்களில் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த யோகாசனப் பயிற்சியைப் பற்றித்தான்.

யூன் 21, சர்வதேச யோகா தினத்தை ஒட்டித் தொடங்கினோம். 2015 முதல் பல நாடுகளிலும் கொண்டாடப்படும் நாள் அது. பல ஆசனங்களை அவசரப்பட்டுப் பழகாமல், முதலில் நேராக நிற்கும் ஆசனமான தாடாசனத்தை ஒழுங்காகப் பழகுவோம் என்று முடிவெடுத்தோம். "நிற்கிறதுக்கும் ஒரு பழக்கமோ?" என்று கேட்டவர்களும் உண்டு. கச்சான் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து புல்லுப் பிடுங்கிவிட்டு வருகிறவர்களின் செருப்பைத் திருப்பிப் பார்த்தோம். அநேகமாக ஒரு பக்கக் குதிதான் தேய்ந்திருந்தது. பாரம் எங்கே போகிறது என்று அதுவே காட்டிவிட்டது.

பாதங்களுக்கிடையில் 2 அங்குல இடைவெளி. பெருவிரலடி, சின்னவிரலடி, குதியின் இரண்டு ஓரம் என நாலிடத்திலும் பாரம் சமமாக இறங்கவேண்டும். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. தோள் தளர்ந்து, பார்வை நேரே. பிறகு விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மூச்சை இழுத்தபடி கைகளையும் குதிகளையும் உயர்த்தி 10 முதல் 15 விநாடி நிற்கவேண்டும், மூச்சை அடக்கக்கூடாது. தலைச்சுற்று, இதய வருத்தம், காலில் நரம்புச் சுருட்டு உள்ளவர்கள் குதியைத் தூக்கத் தேவையில்லை.

தொடர்ந்து செய்தால் காலும் முதுகும் உறுதிப்படும், தடுமாற்றம் குறையும். ஆனால் இது மருந்தில்லை. நோ விடாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

போரிலும் மிதிவெடியிலும் காலிழந்த சகோதரிகளும் வந்தார்கள். நல்ல காலிலேயே பாரம் முழுவதையும் போட்டுப் பழகியதால் அந்தப் பக்கத்து இடுப்பு நோகிறது என்றார்கள். சுவரோடு முதுகைச் சாய்த்து, செயற்கைக் காலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கொடுத்து நின்றார்கள். கால் பூட்டிய இடம் உரசி நொந்தால் அன்றைக்கு ஓய்வு. இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

மாரி மழையில் வருகை குறைந்தது, மண்டபக் கூரையும் ஒழுகியது. கூரை வேலையோடு சேர்த்து, இந்தச் சகோதரிகளும் ஆச்சிமாரும் பிடித்து நிற்கச் சுவரோரம் ஒரு கைபிடிக் கம்பி பூட்டுவதற்கு இன்றைய பொதுக்கூட்டம் ஒப்புதல் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்