வியாழக்கிழமை தனியாகப் போகாதே

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ரோட்டோரம் நின்று பேசியிருக்கிறாய், பின்னால் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. "வியாழக்கிழமை உபவாச ஜெபம் முடிஞ்சதும் ஐயாவைத் தனியாப் பார்த்து எல்லாத்தையும் கேட்டுறலாம்னு இருக்கேனுங்க்கா" என்கிறாய். ஐயா என்றால் உன் சபைப் பாஸ்டர், கேட்க நினைப்பது காணிக்கைப் பணத்தின் கணக்கை. பதிலை உனக்கு அனுப்பியாயிற்று. இதே கேள்வியோடு இன்னும் இரண்டு பேர் வந்ததால், உன்னை அடையாளம் காட்டுவதையெல்லாம் எடுத்துவிட்டு, நீ சரி என்று சொன்ன பிறகு இங்கேயும் போடுகிறேன்.

போகாதே. தனியாகப் போகாதே.

நான் அப்படிப் போனவள். அது வேறு சபை, வேறு ஐயா. ஆனால் அந்த அறை உனக்குத் தெரிந்திருக்கும். அவருக்குச் சுழல் நாற்காலி, வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் சேர், சுவரில் வாக்குத்தத்தக் காலண்டர், மேஜை மேல் ரப்பர் பேண்டு போட்ட காணிக்கைக் கவர்கள். கட்டட நிதி என்று மூன்று வருஷம் கொடுத்திருந்தோம். இடத்தில் பேஸ்மட்டம் மட்டும் நின்றது, அதற்குள் ஆமணக்கு முளைத்து என் உயரத்துக்கு வந்திருந்தது. நான்கு கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கையில் வைத்திருந்தேன். முதல் கேள்வியைத்தான் கேட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் அழுதார். "உனக்காக எத்தனை ராத்திரி முழங்கால்ல நின்னிருக்கேன் தெரியுமா?" என்றார். பாஸ்டரம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். பத்து நிமிஷத்தில் நான் முழங்காலில் இருந்தேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. கைப்பையில் வீட்டு வாடகைக்கு வைத்திருந்த மூவாயிரத்தையும் கவரில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து கையைப் பிரித்தால் அந்தச் சீட்டு வியர்வையில் ஊறிக் கிடந்தது. மீதி மூன்று கேள்விகள் அப்படியே இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், வேதத்தில் ஜனத்தை நடத்திய மோசேயின் சகோதரி மிரியாமைப் பற்றி. மோசேக்கு விரோதமாகப் பேசினாள், குஷ்டம் வந்தது. என் வீட்டுக்காரரின் குடிக்கடன் பற்றி பாஸ்டரம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அது அன்றைக்கு மைக்கில் தீர்க்கதரிசனமாக வந்தது. பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முன் வரிசையில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர் மேல் கை போடக் கூடாது என்று உன் ஐயாவும் சொல்கிறாராமே. எல்லா ஐயாக்களும் சொல்வார்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைப் பற்றித் தாவீது சொன்னது அது, வேதத்தில் முதலாம் சாமுவேல் 24ஆம் அதிகாரம். சபையை விட்டு வந்த பிறகு ஒரு மழைநாளில் 18ஆம் அதிகாரத்திலிருந்து 26 வரை ஒரே மூச்சில் வாசித்தேன். நீயும் வாசி.

சவுல் ஈட்டியை எறிகிறான், தாவீது விலகிக்கொள்கிறான். இன்னொரு தடவை எறிகிறான், ஈட்டி சுவரில் பாய்கிறது, தாவீது அன்று ராத்திரியே தப்பி ஓடிவிடுகிறான். அபிஷேகம் பண்ணப்பட்டவர் எறிகிற ஈட்டி, நெஞ்சில் வாங்கிக்கொள்வோம் என்று நிற்கவில்லை. அப்புறம் குகையில் சவுல் தனியாகச் சிக்கியபோது கொல்லாமல் விட்டான், வாஸ்தவம். ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. சால்வையின் தொங்கலை அறுத்து வைத்துக்கொண்டு, வெளியே வந்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். கையில் அத்தாட்சி இருந்தது. சவுல் என்ன செய்தான் தெரியுமா? சத்தமிட்டு அழுதான். இந்த இடத்தில் நான் வேதத்தை மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அழுத சவுல் வீட்டுக்குப் போனான். தாவீது அவன்கூடப் போகவில்லை, தன் அரணுக்கு ஏறிப்போனான். நல்லதாகப் போயிற்று. இரண்டு அதிகாரம் தாண்டினால் அதே சவுல் மூவாயிரம் பேரோடு மறுபடி தேடி வருகிறான். அந்தத் தடவை தாவீது அவனுடைய ஈட்டியையே எடுத்துவிட்டுத் தூரத்து மலை உச்சியில் நின்று பேசுகிறான். "பாவஞ்செய்தேன், திரும்பி வா" என்கிறான் சவுல். ஈட்டி இங்கே இருக்கிறது, ஒரு ஆளை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான் தாவீது. ஈட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்குக்கூடப் பக்கத்தில் போகவில்லை, பார்.

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்று 105ஆம் சங்கீதத்தையும் எடுப்பார்கள். அதற்கு மேலே மூன்று வசனம் ஏறிப் படி. கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, தேசம் தேசமாய் அலைந்தவர்களைத் தொடாதே என்று ராஜாக்களுக்குச் சொன்னது. திருப்பூருக்குப் பிழைக்க வந்து பத்துக்குப் பத்து ரூமில் இருக்கும் நீ அதில் யார், இன்னோவாவில் வரும் அவர் யார் என்று நீயே வைத்துப் பார்.

உன் ஐயா உனக்குச் செய்த நல்லதை நான் இல்லை என்று சொல்லவில்லை. வந்த புதிதில் ரூம் பிடித்துக் கொடுத்தார், அம்மா ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். உண்மைதான். அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது. ஆனால் செய்த உதவி, காலமெல்லாம் வட்டி கட்ட வேண்டிய கடனாகிவிடாது.

இப்போது அம்மாவின் அந்த மூன்று சென்ட். இதில்தான் எனக்குத் தூக்கம் போனது. "கர்த்தர் கேட்கிறார்" என்று சொல்லித் தானப் பத்திரம் எழுதக் கேட்கிறார்கள் என்றாய். பதிவாகிவிட்டால், மனசு மாறிவிட்டது என்று சொல்லி மட்டும் அதை ரத்து செய்ய முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒருவர் மனசை ஆளும் இடத்தில் இருப்பவர் அதை வைத்து ஆதாயம் பார்ப்பதைப் பற்றியது. பரலோகத்தில் ஆத்துமாவுக்கு நல்லது என்று நம்பி ஒரு முதியவர் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக் கொடுத்த வழக்கு ஒன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1890ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது, அந்தத் தானம் செல்லாது என்றார்கள். அவர் இந்து, அது குரு, நாம் சபை. மற்றபடி அப்படியே நம் கதை. ஆனால் கோர்ட்டு, வக்கீல், வாய்தா என்று அலைவதைவிட, கையெழுத்துப் போடாமல் இருப்பது எளிது. அம்மாவைப் பத்திர ஆபீஸ் பக்கம் விடாதே.

கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. அந்தியோகியாவில், இயேசுவின் சீஷரான பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தார். ஆனால் இரண்டு பேரைக் கூட்டிக்கொள். செக்கிங் செக்ஷன் அக்காவும் அந்த ரிட்டயர்டு வாத்தியாரும் உன்னோடு வருவார்கள் என்று நினைக்கிறேன். சபை மூப்பன் மேல் பிராது என்றால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்ற வசனத்தை ஐயா தரப்பிலேயே எடுத்துக் காட்டுவார்கள். சரி, சாட்சியோடுதான் வந்திருக்கிறோம் என்று சொல். பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று அடுத்த வசனம் சொல்வதையும் நினைவில் வை. சந்திப்பு அவர் அறையில் வேண்டாம், ஹாலில் கதவு திறந்திருக்கட்டும்.

எண்ணிலோ பேரிலோ பதில் வரக்கூடியதை மட்டும் கேள். டிரஸ்டில் யார் யார்? எந்த பேங்க் கணக்கு? ஜிபே ஏன் மகன் நம்பருக்குப் போகிறது? ரசீது எங்கே? "ஏன் எங்களை இப்படி வேதனைப்படுத்துறீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதே. அதற்குக் கண்ணீர்தான் பதிலாக வரும், நீ மறுபடி முழங்காலில் இருப்பாய். எழுதிக் கொடு, ஒரு காப்பி வைத்துக்கொள். அங்கேயே ஜெபிக்கலாம் என்றால், வீட்டில் ஜெபித்துக்கொள்கிறோம் ஐயா என்று சொல்லிவிட்டு எழுந்துவிடு. பேசியதை அன்று ராத்திரியே தேதி போட்டு நோட்டில் எழுது. வாட்ஸப் குழுவில் ஒரு வார்த்தையும் சண்டை போடாதே.

இதெல்லாம் பணத்துக்கும் அதிகாரத்துக்கும். யாராவது பிள்ளைகள் மேலோ பெண்கள் மேலோ கை வைத்திருந்தால் சாட்சி, மூப்பர் கூட்டம் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் என்றால் 1098, பெண்கள் என்றால் 181, அப்புறம் போலீஸ். "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதே.

பழைய சபைகளுக்குப் போய்விட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்காதே. அங்கே கமிட்டி உண்டு, தேர்தல் உண்டு, அதற்கேற்ற அடிதடியும் உண்டு. நான் இப்போது போவது அப்படி ஒரு சபைக்குத்தான். கடைசி பெஞ்சில் உட்கார்கிறேன். வருஷக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள், அது எனக்குப் போதும்.

என் அப்பாவை உனக்குத் தெரியும். சாமி கும்பிடுகிறவர், கொறங்காட்டில் ஆடு விட்டிருப்பவர். அவரோடு சேராதே என்று ஐந்து வருஷம் என்னைப் பிரித்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்த அன்று, "ஆடு மேய்ப்பனைக் கேள்வி கேட்குமா என்று சொல்லியே அடக்கிட்டாங்கப்பா" என்று அழுதேன். கிளுவை வேலியில் கவை ஒடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆடு கத்துனா எந்திரிச்சுப் போய்ப் பார்க்காதவன் என்ன ஆட்டுக்காரன்?" என்றார்.

சாபம் பலிக்குமா என்று கடைசியில் கேட்டிருந்தாய், குரலைத் தாழ்த்தி. விட்டுப் போனால் மூன்று மாதத்துக்குள் உன் வீட்டில் சாவு விழும் என்று எனக்கும் சொன்னார்கள். மூன்று மாதம் போயிற்று, மூன்று வருஷமும் போயிற்று. நான்காம் வருஷம் மாமியார் தவறிப்போனார், அவருக்கு வயது 84. அன்றைக்குக்கூட ஒரு நிமிஷம் உள்ளே நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். சொன்னது நடக்காவிட்டால் அந்தத் தீர்க்கதரிசிக்கு நீ பயப்பட வேண்டாம் என்று உபாகமம் 18 முடிகிறது. அதைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பயம் வரும் ராத்திரிகளில் எடுத்துப் பார்ப்பேன்.

வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லி ரூமிலேயே இரு. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும், ஞாயிற்றுக் காணிக்கைக்கு எடுத்து வைக்காமல், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளகோவில் பஸ் ஏறு. அப்பா ஸ்டாப்பில் நிற்பார். அந்த மூன்று சென்ட் பத்திரத்தின் ஒரிஜினலைப் பீரோவில் விட்டுவிட்டு வராதே, ஜெராக்ஸ் வேண்டாம், ஒரிஜினலையே கையோடு எடுத்து வா.

அன்புடன்,
உன் அக்கா