டைடோ பெல் பணிப்பெண் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் மார்ட்டினின் இரட்டை உருவப்படத்தை வெளியிட்டு, 'எலிசபெத் சீமாட்டியும் அவரது கறுப்பினப் பணிப்பெண்ணும்' என்று கீழே எழுதியிருந்தீர்கள். நீங்கள் பணிப்பெண் என்ற அந்த டைடோ பெல் யாரென்று தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அவசரம் போலும்.

இருவருமே இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின் வீட்டில் சேர்ந்து வளர்ந்த உறவுப் பெண்கள். டைடோவின் தாய் மரியா பெல் அடிமைப்பெண். தந்தை ஜான் லிண்ட்சே, பிரபுவின் சகோதரி மகன். 1770-இல் ஆற்காடு நவாபிடம் மன்னரின் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்தாரே, அதே லிண்ட்சேதான். மாதந்தோறும் கோட்டை வரலாறு எழுதும் பத்திரிகைக்கு இதையும் நான்தான் சொல்ல வேண்டுமா?

அக்காலப் படங்களில் கறுப்பினப் பணியாள் ஓர் ஓரத்தில் நின்று எஜமானரை அண்ணாந்து பார்ப்பார். இங்கே டைடோ முத்துமாலையும் பட்டுமாக, கன்னத்தில் விரல் வைத்து நேரே நம்மைப் பார்க்கிறார். எலிசபெத்தின் கை அவர் கையைப் பிடித்திருக்கிறது. சமம் என்றும் சொல்லிவிட முடியாது: எலிசபெத்திடம் புத்தகம், டைடோவிடம் பழங்கள், தலைப்பாகை. 1779-இல் பிரபுவின் மாளிகையில் விருந்துண்ட, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் முன்னாள் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், சாப்பாட்டுக்குப் பிறகுதான் டைடோ வந்து பெண்களோடு அமர்ந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மாளிகையின் பால்பண்ணையும் கோழிகளும் டைடோவின் பொறுப்பு.

பெரியப்பா வீட்டில் ஒண்டி வளர்ந்த எனக்கு இது விளங்குகிறது. தீபாவளிக்கு அக்காவுக்கு எடுத்த பட்டுதான் எனக்கும். அவளைப் பெண் பார்க்க வந்தபோது மட்டும் நான் தொழுவத்துப் பக்கம் இருந்தாக வேண்டும். அதற்காக என்னை யாரும் வேலைக்காரி என்று சொன்னதில்லை, ஐயா. மான்ஸ்ஃபீல்டும் சொல்லவில்லை; டைடோ சுதந்திரமானவர் என்று உயிலில் உறுதிசெய்து, 500 பவுண்டும் ஆண்டுக்கு 100 பவுண்டும் எழுதிவைத்தார். எலிசபெத்துக்கு 10,000 என்பதையும் மறைப்பானேன்!

படத்தையாவது முழுதாகப் போட்டீர்களா? டைடோவின் தலைப்பாகை இறகை நகைக்கடை விளம்பரம் விழுங்கிவிட்டது. போன வருடம் ஓர் ஓவியரின் பெயரையே விட்டுவிட்டீர்கள். அப்போது எழுதிய கடிதம் அச்சாகவில்லை, பதிலும் இல்லை. சந்தா நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள், டைடோவின் பெயரோடு. இடமிருந்தால் இறகையும் சேர்த்து.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி