அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்

சின்ன வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் ஒரு கோரிக்கை. ஈர்ப்பு விசைப் பாடத்தை 'ஈர்ப்பு விசை' என்ற சொல்லில் தொடங்காதீர்கள். "பந்து ஏன் கீழே விழுகிறது?" என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளை அந்தச் சொல்லைப் பட்டென்று ஒப்பித்துவிடும். நாமும் மகிழ்ந்துபோய் அடுத்த பக்கத்தைத் திருப்புவோம். பிள்ளை எதையும் பார்த்திருக்காது.

ஒரு கோலிக்குண்டும், அதைவிடப் பல மடங்கு கனமான ஓர் இரும்புக் குண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உயரத்திலிருந்து விட்டால் எது முதலில் விழும்? கை தூக்கச் சொல்லி, எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள். அந்த வாக்கெடுப்பில் பெரும்பாலும் கனமானதுதான் ஜெயிக்கும். அரிஸ்டாட்டிலும் அந்தக் கட்சிதான், அதனால் யாரையும் சிரிக்க விடாதீர்கள். அப்புறம் தரையில் ஒரு தட்டைக் கவிழ்த்து, கால்விரல்களைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டையும் ஒன்றாக விடுங்கள்.

இங்கே கண்ணை நம்ப வேண்டாம். மேசை உயரத்திலிருந்து விழ சுமார் 0.4 நொடிதான் ஆகும். "நான் பார்த்தேன், பெருசுதான் முதல்ல" என்று சண்டை வரும். கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள்: ஒரே 'டங்'. 1586-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் சைமன் ஸ்டெவின் என்ற கணித அறிஞர் செய்ததும் இதுதான். ஒன்றைவிட மற்றொன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து பலகைமேல் விழவைத்து, சத்தத்தைத்தான் கவனித்தார்.

இப்போது யாராவது ஒரு பிள்ளை, "அப்போ பேப்பர் மட்டும் ஏன் மெதுவா விழுது?" என்று கேட்கும். கேட்காவிட்டால் காத்திருங்கள், நீங்களே கேட்டுவிடாதீர்கள். தாளைக் கசக்கி உருட்டி விடுங்கள். அதே தாள், அதே எடை, ஆனால் விர்ரென்று விழும். அடுத்து, புத்தகத்தைவிடச் சிறிய தாள் ஒன்றைப் புத்தகத்தின் மேல் வைத்துப் போடுங்கள். தாள் கூடவே இறங்கும். தடுத்தது காற்று என்று அவர்களே சொல்வார்கள். 1971-இல் அப்போலோ 15 பயணத்தின்போது காற்றில்லாத நிலவில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டாரே, அந்தக் காணொளியை அதற்குப் பிறகு காட்டுங்கள். முன்னாலேயே காட்டினால் அது வெறும் வித்தை.

கடைசியாக, அடியில் ஓட்டை போட்ட தண்ணீர்ப் புட்டி. மூடியைத் திறந்து கையில் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும். கீழே விட்டால், விழும் நேரத்தில் நின்றுவிடும். புட்டியும் தண்ணீரும் சேர்ந்தே விழுகின்றன, அவ்வளவுதான். ஈர்ப்பு எங்கும் போய்விடவில்லை. விண்வெளி வீரர்கள் மிதப்பதும் இப்படித்தான். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்திலும் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. 'விண்வெளியில் ஈர்ப்பே இல்லை' என்று தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள்.

சரி, புட்டியைப் பிள்ளைகளே போடட்டும். தரை நனையும், துடைக்க ஒரு துணி போதும்.

அன்புடன்,
பல தட்டுகளை நெளித்த ஒரு சக ஆசிரியர்