வலசைப் பறவைகளுக்காக விளக்கணைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக வலசைப் பறவைகள் நாளையொட்டி வெளியான தங்கள் தலையங்கம் கண்டேன். 2006 முதல் கொண்டாடப்படும் இந்நாள், பேரணியோடும் ஓவியப் போட்டியோடும் முடிந்துவிடுவது வருத்தமளிக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் உடனே செய்யக்கூடியதை முதலில் மக்களிடம் சொல்ல வேண்டும். சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. மேல்நோக்கிப் பாயும் ஒளி அவற்றைத் திசைதிருப்பிக் கட்டடங்களுக்கு இடையே இறக்கிவிடுகிறது. விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தையும் வானத்தையும் நிஜமென்று நம்பி மோதுகின்றன. காலையில் அந்தக் கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தால், இறகுத்தூளால் பதிந்த சிறகின் அச்சு சில நேரம் தெரியும்.

மோதலைத் தடுக்கக் கண்ணாடியில் பருந்து உருவ ஒட்டுப்படம் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் தவறு. பறவை அதை விலக்கிப் பக்கத்து வெற்றிடத்தில் மோதும். கண்ணாடியின் வெளிப்புறத்தில், பரப்பு முழுவதும் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் இருக்க வேண்டும். உட்புறம் ஒட்டினால் பிரதிபலிப்பு அவற்றை மறைத்துவிடும். மோதி மயங்கிய பறவைக்குத் தண்ணீர் புகட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், அமைதியாக வைத்து, தெளிந்ததும் வெளியே விடலாம். தெளியாவிட்டால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும். வலசைக் காலம் முழுவதும் வானிலைச் செய்தியை ஒட்டி, “இரவு 11 முதல் காலை 6 வரை தேவையற்ற விளக்குகளை அணையுங்கள்” என்ற ஒரு வரியைத் தங்கள் நாளிதழ் தினமும் வெளியிட வேண்டுகிறேன்.