சென்சாரின் கர்னலில் கை வைக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள்

மாற்ற ஒப்புதல் குழுவினருக்கு,

வணக்கம்.

நம் நெட்வொர்க்கில் போய்வரும் இணைப்புகளைப் பதிவு செய்யும் சர்வர்தான் சென்சார்; அதன் கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, எங்களிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள் என்று உங்களுக்கு இதுவரை ஆங்கிலத்தில் பதினோரு மெயில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற அதே பதில்தான் வந்தது. உங்கள் குழுவில் பாதிப் பேர் கேன்டீனில் என்னோடு தமிழில் பேசுகிறவர்கள். அதனால் இந்த முறை தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எங்கும் எழுதவில்லை. படித்தால் உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு இரவு சர்வர்களுக்குப் பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போட்டதில் என்ன ஆனது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சுற்றுக்கு வந்த அறிக்கையில், காரணம் என்ற இடத்தில், "கண்காணிப்புக் குழு லைப்ரரியைச் சரியாக அமைக்கவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் அந்த லைப்ரரியை அமைத்தது நான்தான். அது சரியாகத்தான் அமைந்திருந்தது.

அந்த லைப்ரரி நம்பியிருக்கும் பிஎஃப்-ரிங், கர்னலுக்குள் ஒரு மாட்யூலாக, அதாவது கூடுதல் துண்டாக, ஏறி வேலை செய்கிறது. எந்தக் கர்னலுக்காக கம்பைல் ஆனதோ அதில்தான் ஓடும். கர்னலின் பதிப்பு மாறினால் மாட்யூலையும் புதிதாக கம்பைல் செய்ய வேண்டும். அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்றுதான் டிகேஎம்எஸ் என்ற கருவியில் சேர்த்து வைத்தேன். புதுக் கர்னல் வந்ததும் அது தானாகவே மாட்யூலைக் கட்டிவிடும், கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் பாக்கேஜ் கூடவே வந்தால். ஞாயிறு இரவு உங்கள் பேட்ச் கருவி கர்னலை மட்டும் இறக்கியது, ஹெடரை இறக்கவில்லை. இந்தக் கர்னலுக்கான ஹெடர் கிடைக்கவில்லை என்று டிகேஎம்எஸ் எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை இரண்டு முறை உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

சென்சார் அடியோடு நின்றுபோயிருந்தால்கூட நல்லது. அலாரம் அடித்திருக்கும், இரவுப் பணியில் இருந்தவர் எழுந்து பார்த்திருப்பார். அப்படி நடக்கவில்லை. மாட்யூல் இல்லை என்றதும் பாக்கெட் பிடிக்கும் லைப்ரரி சத்தமில்லாமல் சாதாரண வழிக்கு மாறிக்கொண்டது. டிராஃபிக்கை அலசி லாக் எழுதும் ஜீக் மென்பொருள் எழுந்தது, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் அதன் எட்டு ஒர்க்கரும் எழுந்தன, திரையில் எல்லாம் பச்சை. போக்கும் வரத்தும் ஒரே ஒர்க்கரிடம் போகும்படி ஒவ்வொரு இணைப்பையும் பங்கு பிரித்துக் கொடுப்பது பிஎஃப்-ரிங்கின் வேலை. அது இல்லாததால் எட்டு ஒர்க்கரும் மொத்த டிராஃபிக்கையும் ஆளுக்கொரு முறை மென்றுகொண்டிருந்தன. திங்கள் காலை ஏழு மணிக்கு இணைப்பு லாகைத் திறந்தபோது ஒரே இணைப்பு எட்டு வரியாக நின்றது. அதே முகவரி, அதே போர்ட், அதே நொடி, ஐடி மட்டும் வேறு வேறு. சில இணைப்புகள் ஐந்து வரி, சில இரண்டு. மிச்சத்தை ஒர்க்கர்கள் தாங்க முடியாமல் கை நழுவ விட்டிருக்கின்றன. வழக்கமாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும் இழப்புக் கணக்கு பாதியை நெருங்கியிருந்தது.

அன்று மதியம் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கேள்வி வந்தது. ஞாயிறு பின்னிரவில் நம் பக்கத்திலிருந்து அவர்களுடைய சர்வர் ஒன்றுக்கு இணைப்பு போனதா என்று கேட்டார்கள். போனது என்றும் சொல்ல முடியவில்லை, போகவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. தெரியாது என்றோம். இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

சரி, ஹெடரை இறக்கினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சென்சாருக்கு இணையம் கிடையாது, இருக்கவும் கூடாது. பாக்கேஜை உள்ளே கொண்டுபோக உங்கள் ஒப்புதல் கிடைக்கும்போது மாலை ஆறு மணி. மாட்யூல் கம்பைல் ஆனது. ஏற்றினால் ஏறவில்லை. சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரி வந்தது. அப்போதுதான் தெரிந்தது, ஞாயிறு இரவு அதே நேரத்தில் செக்யூர் பூட்டையும் ஆன் செய்திருக்கிறீர்கள். செக்யூர் பூட் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. டிஜிட்டல் கையெழுத்தில்லாத மாட்யூல் கர்னலுக்குள் நுழையக் கூடாது என்பது நல்ல விதி. ஆனால் எங்கள் மாட்யூலில் கையெழுத்திட்ட சாவியை அந்த சர்வரில் பதிய வேண்டும், அதற்கு சர்வர் பூட் ஆகும்போது கீபோர்டு முன்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும். தூரத்திலிருந்தே சர்வரின் திரையையும் கீபோர்டையும் இயக்கும் ரிமோட் கன்சோல் இருக்கிறது, ஒப்பந்த ஊழியருக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள இருவரும் அன்று இரவு போனை எடுக்கவில்லை.

அல்சூரிலிருந்து கிளம்பும்போது கடைசி மெட்ரோ போய்விட்டது. ஆட்டோவில் டின் ஃபேக்டரி, கே.ஆர்.புரம் வழியாக சர்வர் இருக்கும் வைட்ஃபீல்டு போய்ச் சேர்ந்து, லேப்டாப் நம்பரை ரிஜிஸ்டரில் எழுதி, போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு உள்ளே போகும்போது மணி ஒன்றரை. தள்ளுவண்டியில் ஒரு பழைய மானிட்டரும் கீபோர்டும். சர்வரை ரீபூட் செய்தால் அது மெமரியை எல்லாம் சோதித்துவிட்டு எழுந்திருக்க ஆறு நிமிடம். அதற்குப் பிறகு சாவியைப் பதியும் நீலத்திரை பத்து விநாடிதான் இருக்கும். அதற்குள் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தாவிட்டால் சர்வர் தன் பாட்டுக்குப் பூட் ஆகிவிடும். மானிட்டர் தூக்கம் கலைந்து வெளிச்சம் வரும்போது திரையில் 2 என்ற எண் தெரிந்தது. கையை நீட்டுவதற்குள் போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். சாவியைப் பதியக் கோரிக்கை, தற்காலிக பாஸ்வேர்டு, ரீபூட், இன்னொரு ஆறு நிமிடம். ரேக்குகளுக்கு நடுவே வீசும் அந்தக் குளிர்க்காற்றில் ஸ்வெட்டர் இல்லாமல், ஸ்பேஸ் பாரின் மேல் விரலை வைத்தபடியே நின்றேன். மூன்றேகால் மணிக்கு மாட்யூல் ஏறியது. ஒரு இணைப்புக்கு ஒரு வரி என்று லாக் வர ஆரம்பித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீடு திரும்பும்போது சோமேஸ்வரர் கோயில் பக்கத்துப் பூக்கடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்த காசை நான் கேட்கவில்லை. சென்சாரின் கர்னலில் கை வைக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள் என்பதை மட்டும்தான் கேட்கிறேன்.

கர்னலோடேயே வரும் பாக்கெட் பிடிக்கும் வசதியான ஏஎஃப்-பாக்கெட்டைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே இல்லையே என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாக்கெட்டுகளைப் பல ஒர்க்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி 2011-லேயே லினக்ஸ் 3.1 கர்னலில் வந்துவிட்டது. வெளியிலிருந்து மாட்யூல் எதுவும் வேண்டாம், சாவியும் வேண்டாம். மாற்று சென்சாரில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டோம், நம் டிராஃபிக்கைத் தாங்குகிறது. அதற்கு மாறுவதற்கான விண்ணப்பம் மார்ச் மாதத்திலிருந்து உங்களிடம்தான் இருக்கிறது. நாங்கள் கேட்கும் மாற்றம் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. எங்களைக் கேட்காமல் செய்யும் மாற்றம் ஒரே இரவில் நடந்துவிடுகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். சென்சார் என்று ஒன்று இருப்பது நம் அலுவலகத்தில் ஆடிட் வாரத்தில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவில், பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆடிட்டர் கேட்டால் 180 நாள் லாகைக் காட்டுவோம். அதில் அந்த ஒரு நாள் சொச்சத்தில் பாதி ஓட்டை, மீதி எட்டு மடங்கு பொய் என்று யார் சொல்வது? ஒப்பந்த ஊழியர்கள் எழுதும் மெயிலுக்குப் பதில் வேண்டியதில்லை, தவறு நடந்தால் அறிக்கையில் அவர்கள் குழுவின் பெயர் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் இரண்டு பையன்கள் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். பேட்ச் வேலையே தடைபட வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. பாதுகாப்பு வேலை செய்கிறவன் நான், பேட்ச் போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வேன்? இரண்டு சென்சார்களையும் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனி நேரத்தில் வையுங்கள். முதலில் மாற்று சென்சாரில் போடுங்கள், கர்னலோடு ஹெடரும் சேர்ந்தே போகட்டும், எங்களில் ஒருவர் உடன் இருக்கட்டும். ரீபூட் ஆனதும் மாட்யூல் ஏறியிருக்கிறதா, ஒரு இணைப்புக்கு ஒரு வரிதான் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல எங்களுக்குப் பத்து நிமிடம் போதும். இரவுப் பணியில் இருக்கும் ஒருவருக்காவது ரிமோட் கன்சோல் அனுமதியும் கொடுங்கள்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு அடுத்த பேட்ச். பட்டியல் நேற்று வந்தது. இரண்டு சென்சார்களின் பெயரும் மறுபடி அதில் இருக்கின்றன, அதே இரவில், அதே மணிக்கு. சென்சாரின் கர்னலில் கை வைக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள் என்று பன்னிரண்டாவது முறையாகக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமைக்குள் ஒரு பதில் தாருங்கள். அறிக்கையில் இருக்கும் அந்த ஒரு வரியையும் தயவுசெய்து திருத்துங்கள்.

இப்படிக்கு,
கண்காணிப்புக் குழுவின் ஒப்பந்தப் பொறியாளர்,
அல்சூர், பெங்களூரு