ஞாயிறு பேச்சு: கையெழுத்தே போடாத சூசான் பெல்பெரோன்

வணக்கம் நண்பர்களே. இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, நம் குழு அழைப்பில் பாரிஸ் நகை வடிவமைப்பாளர் சூசான் பெல்பெரோனைப் பற்றிப் பேசலாம். 1900இல் பிறந்தவர். தன் நகை எதிலும் பெயர் பொறித்ததில்லை. "என் பாணியே என் கையெழுத்து" என்பார்.

வரும் முன் அவருடைய மோதிரம் ஒன்றின் படத்தையாவது பெரிதாக்கிப் பாருங்கள். நாம் தங்கத்தில்தானே கல் பதிப்போம்? அவர் ஸ்படிகத்தையோ கால்சிடனி என்ற மணிக்கல்லையோ மோதிரமாகவே குடைந்து, அந்தக் கல்லுக்குள் வைரமும் நீலமும் பதித்தார். எனக்கு இன்றும் பிரமிப்பு அடங்கவில்லை.

முதலில் புவாவென் என்ற நகை நிறுவனத்தில் வேலை, 1932 முதல் ரத்தின வியாபாரி பெர்னார் ஹெர்ட்ஸிடம். ஹெர்ட்ஸ் யூதர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பு வந்ததும் நிறுவனத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு காப்பாற்றினார் சூசான். நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ சூசானைப் பிடித்துக்கொண்டு போனபோது, ஹெர்ட்ஸின் முகவரிப் புத்தகத்தின் தாள்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டு விழுங்கினாராம்! ஹெர்ட்ஸ் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் இறந்தார். போர் முடிந்து ஹெர்ட்ஸின் மகன் ழான் திரும்பியதும், அவரைச் சரிபாதிப் பங்குதாரராக்கினார் சூசான். ஹெர்ட்ஸ்-பெல்பெரோன் என்ற பெயரில் 1974 வரை தொழில் நடந்தது.

சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். கூட்டாளியின் பங்கை அவர் காத்த விதத்தைப் பற்றி உங்களோடு பேசவே எனக்கு அதிக ஆசை. அப்புறம், இணைப்பு ஞாயிறு காலை இங்கேயே வரும்.